டச்சுக்காரர் வரைந்த பெண்ணுக்கு நான் போர்த்திய சால்வை

எழுபத்து நான்கு வயதில் ஒருவனுக்குப் புதிதாகக் குற்றம் செய்யும் வாய்ப்புகள் மிகவும் குறைவு. இருட்டிய பிறகு கார் ஓட்டக்கூடாது என்று மகள் தடை போட்டுவிட்டாள். உப்பை மருத்துவர் நிறுத்திவிட்டார். அப்படியிருந்தும் போன ஆண்டு நவராத்திரியின்போது, நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் வீட்டு மாடிப்படி முடியும் இடத்தில் மாட்டியிருந்த ஒரு படத்தில், சில நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு டச்சு ஓவியர் வரைந்த பெண்ணுக்கு நான் சால்வை போர்த்திவிட்டேன். துணிச் சால்வையாக இருந்தால் எடுத்துவிடலாம். இது பேனாவால் போட்டது. தண்ணீரில் கரையாத கறுப்பு மை.

குற்றத்தை முதலிலேயே சொல்லிவிட்டதால் மனம் கொஞ்சம் இலேசாகிறது. இனி நிதானமாகச் சொல்லலாம்.

என் மனைவி ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறு மாதம் சீனியர் சென்டரில் யோகா வகுப்பில் சேரப் போனாள். யோகாவில் இடம் இல்லை, எதிர் அறையில் எச்சிங் வகுப்பில் இடம் இருக்கிறது என்றார்கள். எச்சிங் என்றால் என்னவென்று தெரியாமலே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஏழு ஆண்டுகள் ஆகின்றன. யோகாவைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு செப்புத்தகட்டின் மேல் மெழுகு பூசுவார்கள். அந்த மெழுகில் ஊசியால் கீறிப் படம் வரைவார்கள். தகட்டை அமிலத்தில் வைத்தால், கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பிறகு மெழுகை நீக்கி, பள்ளங்களில் மை நிரப்பி, மேலே உள்ள மையைத் துணியால் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் ஏறும். தகடு ஒன்றுதான். அது தேயும்வரை அச்சு எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓவியருக்கு மனம் மாறினால் அதே தகட்டில் இன்னும் சில கோடுகளைச் சேர்த்து மறுபடி எடுப்பார். அப்படி மாற்றி எடுத்ததை இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று எண்ணுவார்கள்.

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்று பல நாள் ஆகிறது. அங்கே இப்போது அமிலத் தட்டும் மைக் குப்பிகளும், பருப்பு வடிகட்டும் துணி மாதிரி மெல்லிய துணிச் சுருள்களும் இருக்கின்றன. ஆய்வகத்தில் வேலை செய்தவள் என்பதால் அமிலம் அவளுக்கு ரசம் மாதிரி. மணி பார்க்காமலே பதம் தெரியும். அச்சு எடுத்ததும் உள்ளே குரல் வரும்.

"ஏனுங்க! வாங்க!"

கிரிக்கெட்டில் கடைசி ஓவராக இருந்தாலும் எழுந்து போவேன். ஈரத்தாளின் இரண்டு முனைகளை நான் பிடிக்க வேண்டும், இரண்டை அவள் பிடிப்பாள். மெதுவாக உரிப்போம். "நல்லாருக்கு" என்பேன்.

"எது நல்லாருக்கு? தொட்டுச் சொல்லுங்க."

"தொட்டா மை ஒட்டும்."

"தொடாமக் காட்டுங்க."

நான் ஒரு இடத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விடமாட்டாள். அவள் எடுத்த எந்த அச்சையும் உலகத்தில் முதலில் பார்த்தவர்கள் நாங்கள் இருவரும்தான். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பதவிகளில், நெடுஞ்சாலைப் பாலங்களை வடிவமைக்கும் நிறுவனத்தில் கிடைத்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், இதுதான் எனக்குப் பிடித்த பதவி. அதைத்தான் நான் இழக்கப் பார்த்தேன்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்த டீச்சர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. என்னைவிட எட்டு வயது மூத்தவர். போன ஆண்டுக் கோடையில், அரிசோனாவில் இருக்கும் மகனோடு போய் இருந்துவிடுவதென்று முடிவு செய்து வீட்டைக் காலி செய்யத் தொடங்கினார். என் மனைவிக்கு இரண்டு பொருள்களைக் கொடுத்தார். ஒன்று, அவளிடம் இருந்ததைவிடப் பெரிதான, கையால் சுற்றும் அச்சு இயந்திரம். இன்னொன்று அந்தப் படம்.

படம் ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுதான். ஒரு பெண் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கணப்பு அடுப்பு. மேலுடை நழுவி இடுப்பில் கிடக்கிறது. ஒரு காலுறையைக் கழற்றிவிட்டாள், மற்றது பாதியில் நிற்கிறது. குனிந்து, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள். இளம்பெண் அல்ல. வயிற்றில் மூன்று மடிப்பு. முழங்காலுக்குக் கீழே, காலுறையைக் கட்டியிருந்த பட்டை பதிந்த தடம். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தவளின் முகம். நம்மைப் பார்க்கவில்லை. நாம் பார்ப்பதும் அவளுக்குத் தெரியாது.

அது ஓவியர் காலத்தில் எடுத்த அச்சு இல்லை, அவர் இறந்து வெகுகாலம் கழித்து அதே தகட்டில் யாரோ எடுத்தது, தகடு தேய்ந்துபோய்க் கோடுகள் வெளிறிவிட்டன என்று டீச்சர் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். நாற்பது ஆண்டுகள் அவர் படுக்கைக்கு எதிரே மாட்டியிருந்தாராம்.

"தேஞ்சா என்ன? நானுந்தான் தேஞ்சிருக்கேன்," என்றாள் என் மனைவி. பிறகு படத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், வயிற்று மடிப்புகளை விரலால் எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏனுங்க, இவ அப்படியே நான்!"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆல்பங்களில் என் மனைவியின் முழு உருவம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. பக்கவாட்டில் நிற்பாள். இல்லையென்றால் மகளை முன்னால் நிறுத்திக்கொள்வாள். மகள் வளர்ந்த பிறகு என்னை முன்னால் நிறுத்தினாள். அப்படிப்பட்டவள், முன்பின் தெரியாத ஒருத்தியின் வயிற்றைப் பார்த்து "இவ நான்" என்று சத்தம் போட்டுச் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். என் மனதில் முதலில் வந்தது வேறு: அப்படியானால் எல்லோரும் பார்ப்பார்களே.

படத்தை அவள் மாடிப்படி முடியும் இடத்தில் மாட்டினாள். நான் நாள்களை எண்ணத் தொடங்கினேன். கொலுவுக்கு ஆறு வாரம் இருந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் எங்கள் இருவர் வீட்டிலும் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. நியூஜெர்சிக்கு வந்த பிறகு தொற்றிக்கொண்டது. இங்கே நவராத்திரியின் சனி ஞாயிறுகளில் ஒவ்வொரு குடும்பமும் ஆறேழு வீடு ஏறி இறங்கும். எங்கள் வீட்டுக்கு முப்பது குடும்பம் வரும். பட்டுப்புடவைகள் பொம்மைகளைப் பார்க்கும், ஒரு பாட்டுப் பாடும், சுண்டல் வாங்கும், பிறகு "வீட்டச் சுத்திக் காட்டுங்க ஆன்ட்டி" என்று மாடி ஏறும். கீழே இருக்கும் ஒரே பாத்ரூமில் வரிசை நீண்டால் மிச்சப்பேரையும் நாங்களே மேலே அனுப்புவோம். ஆக, வருகிற எல்லோரும் அந்தப் படத்தைத் தாண்டாமல் போக முடியாது.

"கொலு முடியற வரைக்கும் அதக் கழட்டி வெச்சுரலாமா?" என்று ஒரு நாள் காப்பி குடிக்கும்போது கேட்டேன்.

"எத?"

"அதத்தான்."

"எதுக்கு?"

"ஆளுங்க வருவாங்க."

"ஆளுங்க வரத்தானே கொலு வெக்கறோம்?"

"மேல பாத்ரூம் போறவங்க எல்லாம் அவளத் தாண்டித்தான் போகணும்."

"அவசரமாப் போறவங்க நின்னு படமா பாப்பாங்க?"

"திரும்பி வர்றப்ப அவசரம் இருக்காதே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கோயில் தூணுல நிக்கறவங்கெல்லாம் ஸ்வெட்டர் போட்டுட்டா நிக்கறாங்க? அங்க மட்டும் விழுந்து விழுந்து கும்பிடறீங்க?"

"அது கல்லு."

"இது பேப்பரு. இவளக் கழட்டறதா இருந்தா என்னையும் கழட்டி மேல அட்டத்துல பழைய சாமானோட வெச்சுருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

முதல் சனிக்கிழமை காலையில் அவள் கொண்டைக்கடலையும் தாம்பூலப் பைகளும் வாங்க எடிசனில் இருக்கும் இந்தியக் கடைகளுக்குப் போனாள். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும். நான் படத்தை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்துச் சட்டத்தின் பின்பக்க ஆணிகளைக் கழற்றினேன். ஏதோ ஒரு பூவையோ தாளையோ கண்ணாடிக்குள் செருகி மறைத்துவிடலாம் என்பதுதான் எண்ணம். சத்தியமாக அதுதான். ஆனால் கண்ணாடி இல்லாமல் அந்தக் கோடுகளை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்ததும் என் வலதுகை நமநமத்தது.

நான் கணிப்பொறிக்கு முந்திய தலைமுறைப் பொறியாளன். பாலத்தின் வெட்டுமுகத்தைக் கையால் வரைவோம். இரும்பு என்றால் ஒரு வகைச் சாய்கோடு, மண் என்றால் ஒரு வகை. சாய்கோடு போடுவதில் எனக்கு அலுவலகத்தில் பெயர் உண்டு. அடிக்கோல் இல்லாமல் நாற்பத்தைந்து டிகிரியில் நூறு கோடு போடுவேன், இடைவெளி மாறாது. அந்தப் பேனாவை இன்னும் வைத்திருக்கிறேன். அமெரிக்க அரசாங்கத்தின் எத்தனையோ பாலங்களைத் தாங்கிய பேனா, முப்பது ஆண்டுகளாக மேல் டிராயரில் வேலையில்லாமல் கிடந்தது.

முதலில் ரவிக்கை போடலாமா என்று யோசித்தேன். ரவிக்கை கஷ்டம். கை, கழுத்து, கொக்கி என்று நிறைய சமாச்சாரம் இருக்கிறது, உடற்கூறு தெரிய வேண்டும். சால்வைக்குச் சாய்கோடு போதும். மேலும் சால்வை என்றால் மரியாதை. தமிழ்ச் சங்க மேடையில் ஒருவரைக் கௌரவிப்பதென்றால் பொன்னாடை போர்த்துகிறோம். எனக்கே இரண்டு போர்த்தியிருக்கிறார்கள், ஒன்று ஒலிபெருக்கி பழுது பார்த்ததற்கு. ஆகவே நான் அந்த அம்மாளைக் கௌரவிக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு வரவேற்புரை வாசித்துக்கொண்டு தோளில் முதல் கோட்டைப் போட்டேன்.

போட்ட பிறகுதான் ஒன்று தெரிந்தது. அந்த டச்சுக்காரர் சுற்றிலும் இருட்டுக்கும் அடுப்புக்கும் படுக்கைக்கும் ஆயிரம் கோடு இழைத்திருக்கிறார். அவள் உடம்பில் மட்டும், மடிப்புகளைத் தவிர, கோடே இல்லை. வெறும் தாள். அவர் தொடாமல் விட்ட இடம்தான் அவளுடைய தோல். அந்த இடத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். தெரிந்தும் நிறுத்தவில்லை. கோடுகள் அவ்வளவு நன்றாக வந்தன. தோளிலிருந்து மார்பைக் கடந்து இடுப்புவரை ஒரே சீராக இறங்கிவந்து, வயிற்று மடிப்புகளையும் மூடினேன். அடியில் ஒரு கரைகூடப் போட்டேன். கரை யாரும் கேட்கவில்லை. முடித்துவிட்டுத் தள்ளிவைத்துப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை.

அவள் கார் வந்து நிற்பதற்குள் படம் சுவரில் இருந்தது.

சாயங்காலம் ஆள்கள் வந்தார்கள். அவளுக்குக் கீழேயே வேலை சரியாக இருந்தது. நான் மாடிப்படியின் அடியில் சுண்டல் கிண்ணத்தோடு நின்று, மேலே போய் வருபவர்களின் முகங்களைக் கவனித்தேன். பதினைந்து பேர் போய் வந்தார்கள். ஒருவர்கூடப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. "அங்கிள், பாத்ரூம் டைல்ஸ் சூப்பர், எந்த காண்ட்ராக்டர்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். போர்த்தியதனால்தான் பேசவில்லை என்று நான் நம்பிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு டீச்சர் வந்தார். அரிசோனா போவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. என் மனைவி முன்பு கொடுத்த பட்டுத் துப்பட்டாவை அணிந்திருந்தார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். அவர் பார்வை மங்கல் என்பதால் பயப்படவில்லை. கோடையில் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பொம்மைகளைப் பார்த்து முடித்ததும், படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டார். என் மனைவி அவர் கையைப் பிடித்துப் படியேற்றினாள். நான் பின்னாலேயே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. குற்றவாளிகள் போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து, மேலே பாத்ரூம் கதவைத் திறந்துகொண்டு என் பொள்ளாச்சி நண்பர் வந்தார். முன்பு தமிழ்ச் சங்கத் தலைவராக இருந்தவர். யார் என்ன நினைப்பார்களோ என்று நான் பயந்த பட்டியலில் முதல் பெயர் அவருடையது. கையைத் துடைத்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா," என்றார் என் மனைவியிடம். "போன மாசம் சருகு ஊதற லீஃப் ப்ளோயர் எரவல் வாங்க வந்தப்ப இந்தம்மாவுக்குச் சால்வை இல்லீங்களே? குளிர் வந்துருச்சுன்னு போத்தீட்டிங்களா?"

என் வாயில் சுண்டல் இருந்தது. மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன்.

டீச்சர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிப் படத்துக்கு அருகில் போனார். வெகுநேரம் பார்த்தார். தகடு தேய்ந்துவிட்டது, ஆனால் இந்தச் சால்வை தேயவில்லையே என்று மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். இது பேனா, யாரோ பேனாவால் போட்டிருக்கிறார்கள் என்றார்.

என் மனைவி படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, நான் நின்ற படியைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பின்னால் பட்டுப்பாவாடைச் சிறுமிகளும் அவர்களின் அம்மாக்களும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"நான்தான்," என்றாள் டீச்சரிடம். "நான்தான் போட்டேன். கோடு போட்டுப் பழகிப் பார்த்தேன்."

டீச்சர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். இதன் மேலா பழகினாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் தலையாட்டினாள். ஓ என்றார் டீச்சர். சட்டத்தின் ஓரத்தை, நோயாளியின் கையைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டினார். கீழே இறங்கித் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டார். சுண்டலைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சுண்டலைக் காரணம் சொல்ல முடியாது. அதை விழுங்க ஒரு நிமிடம் போதும். எனக்கு நாலு நாள் ஆயிற்று.

மறுநாள் காலையில் அவள் காப்பியை மேசையில் வைத்தாள். கோபமாக வைத்திருந்தால் பரவாயில்லை. எப்போதும்போல வைத்தாள்.

"நான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"நாப்பத்தஞ்சு டிகிரி," என்றாள். "அந்த டச்சு மனுசன் ஒரு கோட்டக்கூட நேராப் போடல. நடுவுல நீங்க வரைஞ்ச டர்ன்பைக் ரோட்டுப் பாலம் மாதிரி ஒண்ணு இறங்குது. வேற யாரு போடுவா?"

"ஏன் நீ போட்டேன்னு சொன்னே?"

"அத்தன பேரு முன்னாடி உங்களக் காட்டிக்குடுக்க மனசு வரல." டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "ஆறு வருசம் அந்தம்மா எனக்குச் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். எங்க கோடு போடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கோன்னு. இப்ப என்ன நெனச்சுட்டுப் போறாங்களோ."

சாயங்காலம், வேறு மாநிலத்தில் ரிச்சர்ட்சனில் இருக்கும் மகள் ஃபோனில் கூப்பிட்டாள். அம்மா சொல்லியிருக்க மாட்டாள். பொள்ளாச்சி நண்பரின் மகள் இவளுடைய தோழி.

"அப்பா, யூ டிட் வாட்?"

"சின்னதா ஒரு சால்வை..."

"அப்பா, ஷி வாஸ் ஃபைன் ஃபார் ஹண்ட்ரட்ஸ் ஆஃப் இயர்ஸ். உங்களால ஒரு வீக்கெண்ட் தாங்க முடியலையா?"

அடுப்பில் பால் இருக்கிறதென்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

திங்கட்கிழமை கார் ஷெட்டில் அச்சு இயந்திரத்தின் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தேன். சக்கரம் நின்றது. தாள் உரியும் மெல்லிய சத்தமும் கேட்டது. "ஏனுங்க" வரவில்லை. நாலு முனையையும் அவளே பிடித்து உரித்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. என் பதவி போய்விட்டது. ராஜினாமாக் கடிதம்கூடக் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை ஒரு முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம், முதியோர் குடியிருப்பு. கார் நிறுத்துமிடத்தை மூன்று முறை சுற்றினேன். மூன்றாவது சுற்றில் காவலர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். இனி இறங்காமல் இருக்க முடியாது.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே டீச்சர் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். சால்வை என்னுடையது, என் மனைவி என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள், அவள் உங்கள் படத்தின் மேல் கனவில்கூடக் கோடு போடமாட்டாள். ஒப்பித்ததுபோல் சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவை நீட்டினேன்.

அவர் டப்பாவை வாங்கவில்லை. ஏன் போட்டீர்கள் என்று கேட்டார்.

விருந்தாளிகள் வருவார்கள் என்றேன். விருந்தாளிகளா என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் பொய்யைத் தொடர முடியவில்லை.

உட்கார்ந்து சொன்னேன். இங்கே வந்த புதிதில், கடற்கரையில் என் மனைவி கால் நனைக்கப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கியபோது இறக்கு என்றவன் நான். ஃபோட்டோ எடுக்கும்போது, வயிறு தெரியுது, சைடா நில்லு என்றவன் நான். ஒரு முறை இரண்டு முறை அல்ல. பிறகு அவளே பழகிக்கொண்டாள், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவள் சுபாவம் என்று நானே மகளிடம் சொல்லியிருக்கிறேன். இத்தனை ஆண்டு கழித்து அவள் ஒரு படத்தைப் பார்த்து, இவள் நான் என்று சொன்னாள். நான் பேனாவை எடுத்தேன். விருந்தாளிகளுக்காக இல்லை.

டீச்சர் எங்களுக்கு நடுவே இருந்த அட்டைப்பெட்டியை ஓரமாகத் தள்ளினார். பிறகு முறுக்கு டப்பாவை வாங்கித் திறந்தார். ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, உங்கள் கோடுகள் மிக நன்றாக இருக்கின்றன, அதுதான் அவற்றின் பிரச்சினை என்றார். அழித்துவிட முடியுமா என்று கேட்டேன். முயற்சிகூடச் செய்யாதீர்கள், தாளும் போய்விடும் என்றார். பிறகு, எனக்கு எதிரிலேயே, என் மனைவிக்கு ஃபோன் செய்தார். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கக்கூடாது என்று பால்கனிக்குப் போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாரோ என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கார் ஷெட்டிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"சட்டையக் கழட்டீட்டு வாங்க."

"எதுக்கு?"

"டீச்சர் சொல்லியிருக்காங்க. உங்களத் தகட்டுல போடணுமாம்."

"சட்டையோட போடக்கூடாதா?"

"பனியனையும் கழட்டுங்க."

மெழுகு பூசிய தகட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கையில் நகவெட்டியைக் கொடுத்துக் கால் நகம் வெட்டச் சொன்னாள். வேட்டிமட்டும்தான் உடுப்பு. அக்டோபர் மாதம், ஹீட்டர் இல்லாத ஷெட். என் வயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கால் விரலை எட்டுவதே பெரும்பாடு.

"குளுருதும்மா. ஒரு சால்வை குடேன்."

"பொன்னாடை எல்லாம் கிடையாது. குனிங்க."

குனிந்தேன். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். "விடுங்க," என்றாள் தலையைத் தூக்காமலே. விட்டேன். நாலு நாள் காலையில் அப்படி உட்கார்ந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நானும் அவளை. குனிந்த தலையின் வகிட்டில் நரை எந்தப் பக்கமாகப் போகிறதென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டீச்சர் அரிசோனாவுக்குப் போய் இரண்டு நாள் கழித்து, தகட்டை அமிலத்தில் வைத்து எடுத்தாள். நான் உள்ளே இருந்தேன். சக்கரம் சுற்றி நின்றது. தொலைக்காட்சி ஒலியை முழுவதும் அணைத்துவிட்டேன்.

"ஏனுங்க! வாங்க!"

என் வயதுக்கு ஓடக்கூடாது. ஓடினேன். இரண்டு முனை எனக்கு, இரண்டு அவளுக்கு. உரித்தோம். ஒரு கிழவன் குனிந்து நகம் வெட்டுகிறான். வேட்டி முடிச்சுக்கு மேலே வயிறு சரிந்து தொடையில் உட்கார்ந்திருக்கிறது. விளிம்பைத் தவிர உடம்பில் ஒரு கோடுகூட இல்லை, வெறும் தாள்.

"எது நல்லாருக்கு? தொடாமக் காட்டுங்க."

வயிற்றைக் காட்டினேன். "இதக் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கலாம்."

"வேணும்னா மூடிக்குங்க. பேனா மேல் டிராயர்லதான் இருக்கு."

டச்சுப் பெண்ணை அவள் கழற்றவில்லை. சால்வையோடு அதே இடத்தில் இருக்கிறாள். சட்டத்தின் பின்னால் பென்சிலால், கடைசி நிலை, என் வீட்டுக்காரர் போட்டது என்று எழுதிவைத்திருக்கிறாள். பக்கத்தில் என்னை மாட்டினாள்.

இந்த ஆண்டு கொலு வந்தது. முப்பது குடும்பமும் வந்தது. டைல்ஸ் காண்ட்ராக்டரின் நம்பரை இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். நான் சுண்டல் கிண்ணத்தோடு மாடிப்படி முடியும் இடத்தில் நின்றிருந்தேன், இந்த முறை மேலேயே. பொள்ளாச்சி நண்பர் பாத்ரூமிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டே குனிந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பட்டுப்புடவைகள்.

"இது புதுசா இருக்குதே. யாருங்க இந்த ஆளு?"

என் மனைவி என்னை ஒரு நொடி பார்த்தாள். "அது வந்துங்க, கிளாஸ்ல ஒரு மாடல்..." என்று தொடங்கினாள்.

வாயில் இருந்த சுண்டலை முதலில் விழுங்கினேன்.

"நான்தான்," என்றேன்.